மயில் நெருப்பு

ஆனி மாதம் பிறந்து இங்கே குளிர் தொடங்கினால் போதும், என் வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே கேட்பார்கள், "என்ன, ஹீட்டர் போடேல்லையே?" போடுகிறேன், போடுகிறேன். உங்கள் வீடுகளைப் போல என் வீட்டுச் சுவரிலும் ஒரு பொத்தான் இருக்கிறது. அமத்தினால் தரைத் துவாரங்களால் சூடு வரும். என்ன, அந்தச் சூட்டுக்கு மணம் இல்லை. என் வயதுக்காரருக்கு நான் சொல்வது விளங்கும். ஊரில் கலவரம் நடந்த கையோடு, போட ஒரு நல்ல ஜம்பர்கூட இல்லாமல் மெல்பனில் வந்திறங்கிய பிள்ளைகள் நாங்கள். அன்றைக்கு ஒவ்வொரு வீட்டுச் சூட்டுக்கும் ஒரு மணம் இருந்தது. சிலர் வீட்டில் மண்ணெண்ணெய். சிலர் வீட்டில் கருகின தூசி. எங்கள் வீட்டில் விறகு.

அந்த விறகைப் பற்றி இத்தனை காலம் நான் எழுதாததற்கு ஒரே காரணம், அப்பா உயிரோடு இருந்ததுதான். போன வருடம் அவரும் போய்விட்டார். இனி யாருக்கு ஒளிக்க?

மெல்பனுக்கு வெளியே வெரிபீயின் ஓரத்தில், கோவா என்கிற முட்டைக்கோஸ் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பழைய பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். இப்போது அந்தப் பக்கம் போனால் ஒரே அச்சில் வார்த்த வீடுகள், கார் விடக் கண்ணாடி மடிக்கவேண்டிய தெருக்கள், பாதிப்பேர் நம்மவர்கள். அன்றைக்குக் காற்றும் கோவா அழுகிற மணமும்தான். முன்னர் அங்கே இருந்த ஒல்லாந்தக் கிழவர் ஒருவர் வீட்டின் பின்னால் செங்கல்லால் ஒரு கொட்டில் கட்டி, அதற்குள் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு அடுப்பு வைத்திருந்தார். அடுப்பைச் சுற்றித் தண்ணீர். நெருப்பு மூட்டினால் தண்ணீர் கொதித்து, நிலத்துக்குக் கீழே ஓடும் குழாய்களால் வீட்டுக்குள் போய், ஒவ்வொரு யன்னலின் கீழும் நின்ற இரும்புச் சட்டங்களைச் சூடாக்கும். நெருப்பு வெளியே, சூடு உள்ளே. அப்பா அதைப் பொயிலர் என்பார். அம்மாவுக்கு அது சூளை. மாமிதான் வெளியடுப்பு என்று பேர் வைத்தவர். அந்தப் பேர்தான் நிலைத்தது.

மாமி என்றால் அப்பாவின் ஒரே தங்கை. மாமாவை ஊரில் பறிகொடுத்துவிட்டு, பிள்ளை குட்டி இல்லாமல், அப்பா ஸ்பொன்சர் பண்ணி அந்தக் குளிருக்குச் சற்று முன்னர்தான் வந்து சேர்ந்தார். நெற்றியில் பொட்டில்லை. வெளிறின சேலைக்கு மேலே அப்பாவின் பழைய கோட். எனக்கு அப்போது ஒன்பது வயது. மாமி எனக்கு மிகவும் பெரிய மனிஷியாகத் தெரிந்தார். இப்போது கணக்குப் பார்த்தால் முப்பதுகூட ஆகாத பெட்டை. என் மகளைவிட இளையவர்.

வெளியடுப்பை மாமி தானாகவே பொறுப்பெடுத்தார். வீட்டில் சும்மா இருந்து சாப்பிடுகிறேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற பயம். எல்லோருக்கும் முதல் எழும்பி, முதல் நாள் சாம்பலை வழித்து, கட்டை அடுக்கி நெருப்பு மூட்டுவார். நானும் தங்கச்சியும் படுக்கைப் போர்வையோடேயே கொட்டிலுக்கு ஓடுவோம். ஐந்து வயதுத் தங்கச்சிக்குக் கவிழ்த்த பால்போத்தல் பெட்டிதான் ஆசனம். இரும்புக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்தச் சூட்டில், மாமி அவளுக்குத் தலை இழுத்துப் பின்னி விடுவார். மாட்டுக் கொம்பில் செய்த தேன்நிறச் சீப்பு. ஊரிலிருந்து மாமி கொண்டுவந்த பொருட்களில் அழகானது அது ஒன்றுதான்.

நெருப்பு சாதாரண நெருப்பு இல்லை. நுனியில் பச்சை, நடுவில் நீலம். தங்கச்சி அதற்கு மயில் நெருப்பு என்று பேர் வைத்தாள். "மாமி, மயில் தோகையை விரிக்கச் சொல்லுங்கோ!" என்பாள். மாமி ஒரு கட்டையைத் தள்ளிப் பிரட்டுவார். பச்சை குபீரென்று எழும்பும். நாங்கள் கைதட்டுவோம். சத்தியமாகச் சொல்கிறேன், அதற்குப் பிறகு எந்த வாணவேடிக்கையும் எனக்கு அப்படி ஒரு சந்தோசத்தைத் தந்ததில்லை.

விறகு அப்பா கொண்டுவருவது. ஊரில் நில அளவைக் கந்தோரில் படம் வரைந்த மனிதன், இங்கே ஒரு மரக்காலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். வேலிக்கும் கொடிமுந்திரிகைத் தோட்டங்களுக்கும் நடுகிற மரக்கம்பங்களை மருந்தில் ஊறவைத்து விற்கிற இடம். ஊறின மரம் இலேசான பச்சை நிறமாக இருக்கும். கறையானும் தொடாது, உக்கவும் மாட்டாது. வெட்டித் தள்ளின துண்டுகள் மூலையில் குவிந்து கிடக்க, அப்பா காரின் பின்பெட்டி நிரம்பக் கொண்டுவருவார். "தங்கமான மரம். இந்த வெள்ளையளுக்கு அருமை தெரியேல்ல," என்று சொல்லிச் சொல்லி இறக்குவார். நானும் இறக்கக் கைகொடுப்பேன். கையெல்லாம் பச்சையாகும்.

சாம்பல் அம்மாவின் பங்கு. நம்முடைய ஆட்களுக்குச் சாம்பலைக் கண்டால் விட மனம் வருமா? சட்டிபானை தேய்க்கச் சாம்பல், விளக்குத் துலக்கச் சாம்பல், பாத்தியில் பூச்சிக்குச் சாம்பல். தேங்காய்த் தும்பு கிடைக்காத நாட்டில் வெங்காயம் வந்த வலைப்பையைச் சுருட்டி, சாம்பலில் தோய்த்து, பித்தளைச் செம்பைப் பொன்னாக மினுக்குவார் அம்மா. யன்னலின் கீழே போட்ட வெந்தயக்கீரைக்கும் லீக்ஸுக்கும் நாள் தவறாமல் ஒரு சிரங்கை அள்ளித் தூவுவார். வீட்டுக்கு வந்த ஓர் அன்ரி கீரைக்கறியைச் சாப்பிட்டுவிட்டு, "என்ன மச்சாள், ஊர்க் கீரை மாதிரிக் கிடக்கு," என்று சொன்னதில் அம்மாவுக்குத் தலைகால் தெரியவில்லை. மிச்சச் சாம்பல் பக்கத்துத் தோட்டக்காரரின் கம்பிவேலி ஓரத்தில் குவிந்தது.

நோய் எப்போது தொடங்கியது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஏனென்றால் எல்லோருக்கும் ஏதோ ஒன்று இருந்தது. எனக்குப் பள்ளிக்கூடத்தில் அடிக்கடி மூக்கால் இரத்தம் வரும். அம்மாவுக்கு வயிற்றுவலி. மாமியின் கண் எப்போதும் சிவந்து நீர் வடியும். "விடிய எழும்பினதில இருந்து ஒப்பாரி. வீடு உருப்படுமே?" என்று அம்மா குசினிக்குள் முணுமுணுப்பார். மாமி அழவில்லை. புகை! ஆனால் விதவைப் பெண்ணின் கண்ணில் நீர் வந்தால் அது அழுகை என்றுதான் எங்கள் வீட்டில் முடிவு.

தங்கச்சிக்குத்தான் கடுமை. முதலில் கையில் சிவந்த தடிப்பு. பிறகு சாப்பிட்டதெல்லாம் சத்தி. "காலுக்குள்ள எறும்பு ஊருது," என்று இரவும் பகலும் சிணுங்குவாள். டொக்டர் வைரஸ் என்றார். அந்தக் காலத்தில் எங்களுக்கு என்ன வந்தாலும் வைரஸ்தான். வெயில் கண்டால் சரியாகும் என்று அனுப்பிவிட்டார்.

பிறகு ஒரு காலை, மயில் நெருப்பின் முன்னால், மாமி சீப்பை இழுத்தபோது முடி கொத்தாகச் சீப்போடு வந்தது. மாமி அதைப் பார்த்தபடியே நின்றார். தங்கச்சிக்கு ஒன்றும் தெரியாது. "இழுங்கோ மாமி," என்றாள். மாமி மெல்ல இன்னொரு தரம் இழுத்தார். இன்னொரு கொத்து. அந்த நேரம் பார்த்து அம்மா சாம்பல் அள்ள வந்தார். கண்டதுதான் தாமதம், சீப்பைப் பறித்தார்.

"என்ர பிள்ளையின்ர தலையில இனிக் கை வையாதையும்!"

மாமி, "நான் ஒண்டும் செய்யேல்ல மச்சாள்," என்றார். அவ்வளவுதான். அந்தச் சீப்பை நான் பிறகு காணவில்லை. அம்மா நெருப்பில் போட்டிருக்க வேண்டும்.

கீரைக்கறி அன்ரி மறுபடி வந்தார், இந்த முறை சுகம் விசாரிக்க. தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு, "நான் சொல்லுறன் எண்டு குறை நினையாதையும். தாலியறுத்தது, பிள்ளை இல்லாதது. விடியக்காலமை அதின்ர முகத்திலயே பிள்ளையளை விடுறது? ஏக்கக் கண் பொல்லாதது. நெருப்பில்லாமல் புகையுமே?" என்றார். பின் அறையில் மாமி இருந்தது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சத்தமாகச் சொன்னார். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் வீட்டில் அந்த வாய்க்குத் தேத்தண்ணியும் பலகாரமும் கொடுத்தார்கள்.

அன்றைக்குக் கருக்கல் நேரம் அம்மா நாவூறு, அதுதான் கண் திருஷ்டி, கழித்தார். உங்களுக்குத் தெரியும் அந்தச் சடங்கு. செத்தல் மிளகாயும் உப்பும் பிள்ளையின் தலையைச் சுற்றி நெருப்பில் போடுவது. மிளகாய் கமறி எல்லோரும் இருமினால் ஒன்றுமில்லை. கமறாவிட்டால் நாவூறு உண்மை. கமறல் முழுவதையும் அது விழுங்கிவிட்டது என்று அர்த்தம். வீட்டுக்குள் மின்சார அடுப்பு. அதில் எப்படி மிளகாய் போடுவது? ஆகவே தங்கச்சியை வெளியடுப்புக்கு முன்னால், திறந்த கதவுக்கு நேரே நிறுத்தினார்கள். நிற்கவே பலமில்லாமல் அவள் ஆடினாள். அம்மா ஒரு கைப்பிடி மிளகாயைச் சுற்றி உள்ளே எறிந்தார்.

நாங்கள் காத்திருந்தோம். யாரும் இருமவில்லை.

அம்மா இன்னொரு கைப்பிடி எறிந்தார். மிளகாய் கறுத்துச் சுருண்டு எரிந்தது. ஒரு தும்மல்கூட இல்லை. அம்மாவின் முகம் வெளிறிப்போனது. "பாத்தியளே? பாத்தியளே?" என்று அப்பாவின் கையைப் பிடித்து உலுக்கினார். மாமி கொட்டிலின் மூலையில் சுவரோடு சுவராக நின்றார்.

ஐயோ, அந்த அடுப்புக்குக் கூரைக்கு மேலே நீட்டின புகைக்கூண்டு இருந்ததே! சுவாலை பிடித்துவிட்டால் புகை முழுவதையும் அது மேலே இழுத்துவிடும். காலையில் மூட்டுகிற நேரத்திலும் கட்டை தள்ளுகிற நேரத்திலும்தான் புகை முகத்தில் அடிக்கும். நன்றாகப் பற்றி எரிகிற அடுப்பில் மூட்டை மிளகாய் போட்டாலும் கமறாது. இதை நில அளவைப் படம் வரைந்த அப்பா யோசிக்கவில்லை. அன்றாடம் நெருப்பு மூட்டின மாமிகூட யோசிக்கவில்லை. அவரும் நம்பிவிட்டார். அதுதான் இந்தக் கதையிலேயே எனக்குத் தாங்க முடியாத இடம்.

அப்பா முதலில் தன் தங்கைக்காகக் கதைத்துப் பார்த்தார். "காகம் குந்தப் பனம்பழம் விழுந்த கதை உது. விசர்க் கதை கதையாதையும்," என்றார். ஆனால் பிள்ளையின் தலையில் வட்டம் வட்டமாகத் தோல் தெரியத் தொடங்கியதும் அவர் வாயும் அடைத்துவிட்டது. சிட்னியில், கிரவீன் பக்கம், தூரத்து உறவுக் குடும்பம் ஒன்று இருந்தது. மாமியை அங்கே அனுப்புவதென்று முடிவானது. மாமி தன் சேலைகளை மடித்துப் பெட்டியில் வைத்தார். பஸ் ஏறுகிற அன்று காலையும் நெருப்பு மூட்டிவிட்டுத்தான் வெளிக்கிட்டார். அறைக்குள் வரவில்லை. வாசலில் நின்றே தங்கச்சியைப் பார்த்து, "போட்டு வாறன் குஞ்சு. இனி உனக்குச் சுகம் வந்திடும்," என்றார்.

மாமி போய்விட்டார். முடி கொட்டுவது நிற்கவில்லை.

அதற்குப் பிறகு அம்மாதான் நெருப்பு மூட்டினார். அம்மாவின் கண்ணும் சிவந்து நீர் வடிந்தது. அதை யாரும் ஒப்பாரி என்று சொல்லவில்லை. தங்கச்சி நடக்க மறந்தவள் போல் சோபாவிலேயே கிடந்தாள். அம்மாவின் பழைய கம்பளித் தொப்பியைப் போட்டு விட்டிருந்தார்கள். இவள் செத்துப்போவாளா என்று நான் அப்பாவிடம் கேட்டேன். அப்பா எனக்கு அடித்தார். அவர் எனக்கு அடித்தது அந்த ஒரு தரம்தான்.

அந்த நாட்களில்தான் பக்கத்துத் தோட்டக்காரரின் கன்றுக்குட்டி செத்தது. அவர் ஓர் இத்தாலியக் கிழவர். கோபம் வந்தால் அவருடைய இங்கிலிஷ் அப்பாவின் இங்கிலிஷைவிட மோசம். கன்றுக்குட்டி வேலிக்குள்ளால் தலையை நீட்டி எங்கள் சாம்பலை நக்குவதை அவர் கண்டிருக்கிறார். சாம்பல் உப்புக் கரிக்கும், மாடு விடாது. மிருக வைத்தியரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து கத்தினார். வைத்தியர் ஓர் இளம் பெண். சாம்பலைக் கிளறிப் பார்த்தார். கொட்டிலுக்குள் போய் ஒரு பச்சைத் துண்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"இதையா எரிக்கிறீர்கள்?" என்று இங்கிலிஷில் கேட்டார். பிறகு யன்னலுக்குள்ளால் தொப்பி போட்ட தங்கச்சியைக் கண்டார். அவருடைய குரல் மாறிவிட்டது. "அந்தப் பிள்ளைக்கு என்ன?"

அப்பாதான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னார். "மரத்தில ஊறின மருந்து பாஷாணமாம். எரிச்சாலும் போகாதாம். புகையிலயும் இருக்காம், சாம்பலிலயும் இருக்காம்."

அம்மா தன் கைகளை விரித்துப் பார்த்தார். அப்போதுதான் விளக்கிக் கவிழ்த்த பித்தளைச் செம்பு முற்றத்தில் மினுங்கிக்கொண்டிருந்தது.

தங்கச்சியை அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். என்னையும் சோதித்தார்கள், எல்லோரையும் சோதித்தார்கள். சுகாதாரப் பகுதிக்காரர் வந்து பாத்தியைக் கிண்டி அள்ளிக்கொண்டு போனார்கள். அவள் வீட்டுக்கு வந்த பிறகு ஒற்றைக் கம்பி மின்சார ஹீட்டரைச் சுற்றி நாலுபேரும் ஓர் அறையில் படுத்தோம். கோடை வரும்போது அவள் தலையில் பூனைமயிர் போல முளைத்தது. அம்மா அதைத் தடவித் தடவி அழுதார்.

அந்த ஓர் அறையில் படுத்த நாட்களில் ஓர் இரவு, நான் நித்திரை என்று நினைத்து அவர்கள் கதைத்தது இது.

"மச்சாளுக்கு ஒரு ரெலிபோன் கோல் எடுத்துச் சொல்லுங்கோவன். பாவம் அவ," என்று மாமியைப் பற்றித் தொடங்கினார் அம்மா.

அப்பா எழும்பி ஹீட்டரைத் தங்கச்சி பக்கம் திருப்பி வைத்தார். பிறகு, "மரக்காலையில அந்த வெள்ளைக்காரன் சொன்னவன், எரிக்காதை எண்டு. முதல் நாளே சொன்னவன். சும்மா கொண்டுபோறன் எண்டு எரிச்சலில சொல்லுறான் எண்டு நினைச்சன்," என்றார்.

"அதை விடுங்கோ. அவவுக்கு என்ன சொல்லுறது?"

"பிறகு சொல்லுவம்."

நம்முடைய வீடுகளில் இந்தப் "பிறகு" என்ற சொல்லுக்கு எவ்வளவு ஆயுள் என்று உங்களுக்கே தெரியும். அம்மா செத்தார். சொல்லவில்லை. மாமி கிரவீனில் பக்டரி வேலை, பிறகு முதியோர் இல்லக் குசினி வேலை என்று தனியாகவே வாழ்ந்தார். கலியாண வீடுகளுக்கு வருவார், மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்துவிட்டுப் போவார். தங்கச்சியின் கலியாணத்தில் அறுகரிசி போட்டு வாழ்த்த வரச்சொல்லிக் கூப்பிட்டும் மேடை ஏறவில்லை. போன வருடம் அப்பாவின் செத்தவீட்டுக்கு வந்தவர், பெட்டியின் கால்மாட்டில் வெகுநேரம் குனிந்து நின்று ஏதோ முணுமுணுத்தார். அண்ணன் மேல் அவ்வளவு பாசம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவருக்கு எல்லாம் எப்போதோ தெரிந்திருக்கும், அப்பா எப்படியும் சொல்லியிருப்பார் என்றுதான் நானும் இருந்தேன்.

இந்த ஆடியில் ஒரு கலியாணத்துக்காகச் சிட்னி போனபோது நானும் தங்கச்சியும் மாமியைப் பார்க்கப் போனோம். மாமியின் யூனிட் வீட்டுக்குள் வெளியைவிடக் குளிர். மாமி கோட்டோடு இருந்தார். "ஹீட்டர் எனக்கு ஒத்துவராது பிள்ளை," என்றார். தேத்தண்ணியை என் கையில் தந்தார். தங்கச்சியுடையதை மேசையில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார்.

தங்கச்சி மனதில் ஒன்றை வைத்திருக்கத் தெரியாதவள். "மாமி, சீரியஸாக் கேக்கிறன். என்னில உங்களுக்கு என்ன கோவம்? வை டூ யூ ஹேட் மீ?"

மாமி திடுக்கிட்டார். "கோவமே? என்ர குஞ்சு, பயம். ஒருக்கா என்ர கை பட்டு நீ பட்டது போதாதே?"

கோப்பையைக் கீழே வைத்தேன். "மாமி, அது விறகு," என்றேன். "அப்பா கொண்டுவந்த பச்சைக் கட்டை. பாஷாணம் ஊறினது. மிளகாய் கமறாதது புகைக்கூண்டு இழுத்ததால. நீங்கள் போன பிறகும் அவளுக்கு முடி கொட்டினது. கன்றுக்குட்டி செத்துத்தான் எல்லாம் வெளியில வந்தது."

மாமி ஒன்றுதான் கேட்டார். "அண்ணைக்குத் தெரியுமே?"

"ஓம்."

"எப்ப இருந்து?"

"அந்த வருசமே."

மாமி கதிரையைப் பிடித்து மெல்ல இருந்தார். "செத்தவீட்டில அவற்ற காலைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டனான்," என்றார். "உங்கட பிள்ளையை என்ர கண்ணாலயே திண்டிருப்பன் அண்ணை, என்னை மன்னியுங்கோ எண்டு கேட்டனான்."

அப்பா நல்ல மனிதன்தான். எங்களுக்காக மாடாய் உழைத்தவர்தான். அதெல்லாம் சரி. அந்த நிமிடம் அப்பா உயிரோடு முன்னால் இருந்திருந்தால் நான் என்ன கேட்டிருப்பேனோ தெரியாது.

தங்கச்சி எழும்பினாள். ஹான்ட்பாக்கைக் கிண்டி ஒரு பிளாஸ்டிக் சீப்பை எடுத்தாள். மாமியின் காலடியில், முதுகைக் காட்டிக்கொண்டு, நிலத்தில் சம்மணம் கட்டி இருந்தாள். கிளிப்பைக் கழற்றினாள். நரை ஓடின அடர்த்தியான முடி தோளில் விழுந்தது.

"தலை இழுத்து விடுங்கோ மாமி."

மாமி சீப்பை வாங்கவில்லை. தங்கச்சி திரும்பிப் பாராமல் அதைத் தோளுக்கு மேலால் நீட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் வாங்கினார். உச்சியிலிருந்து நுனிவரை மெல்ல ஒரு தரம் இழுத்தார். பிறகு நிறுத்தி, சீப்பை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முடி ஏதும் வந்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.